நிறம் மாறா வண்ணம்

வால்டர் புருக் 1908ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள நொய்ஷ்டாட் நகரில் பிறந்தார். தொலைக்காட்சி ஆய்வகங்களுக்குள் மட்டுமே ஒளிர்ந்த காலத்திலேயே அத்துறையில் ஈடுபட்டு, டெலிஃபுங்கன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டியில், பீரங்கி போல் நீண்டிருந்த மின்னணுப் படக்கருவியை இயக்கினார். போர்க்காலத்தில் அவரது திறமை, வி-2 ஏவுகணைகள் எழுவதைத் தொலைவிலிருந்து கண்காணிக்கவும் பயன்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

போருக்குப் பின் ஹனோவர் நகரில் அவரை ஈர்த்தது வண்ணச் சிக்கல். வீடுகளிலிருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் பயனற்றுப் போகக் கூடாது. அலைவரிசையின் அகலமும் கூடக் கூடாது. ஆயினும் அதே அலையில் நிறமும் வந்து சேர வேண்டும். மனிதக் கண் ஒளியின் நுணுக்கத்தை உணரும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தை உணர்வதில்லை. இவ்வியல்பைப் பயன்படுத்தி, 1953இல் அமெரிக்கா ஏற்ற என்.டி.எஸ்.சி. முறை, ஒளிக்குறிப்பலையின் இடைவெளிகளில் துணை ஊர்தி அலையொன்றைச் செருகியது. அதன் வீச்சு நிறத்தின் செறிவையும், கட்டம் நிறத்தின் வகையையும் சுமந்தன. வழியில் கட்டம் சற்றே பிறழ்ந்தால் போதும். திரையில் தோன்றும் முகம் பச்சை பாய்ந்துவிடும்!

பிரான்சு நாட்டின் ஆன்ரி த பிரான்சு, ஒரு வரியின் நிறச்செய்தியை அடுத்த வரி வரும்வரை தேக்கிவைக்கும் உத்தியைத் தம் செகாம் முறையில் கையாண்டிருந்தார். புருக் அதனை எடுத்துக்கொண்டு வேறு வழியில் செலுத்தினார். இரு நிறக்கூறுகளுள் ஒன்றை ஒன்றுவிட்டொரு வரியில் தலைகீழாக்கி அனுப்பினார். பெட்டிக்குள் முந்தைய வரி 64 மைக்ரோ நொடி காத்திருந்து அடுத்த வரியுடன் சேர்கிறது. ஒரு வரியில் ஒரு பக்கம் சாய்ந்த பிழை, மறுவரியில் எதிர்ப்பக்கம் சாய்ந்து தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. எஞ்சுவது நிறச்செறிவில் சிறு குறைவே. கண் அதனைப் பொறுத்துக்கொள்ளும். பிழையைத் தடுக்க முயலாமல் பிழையைக் கொண்டே பிழையை நீக்கிய இவ்வெண்ணம் எத்துணை எளியது!

1962 டிசம்பர் 31இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த புருக், மூன்றே நாளில், 1963 ஜனவரி 3 அன்று, ஐரோப்பிய வல்லுநர்கள்முன் இம்முறையை ஹனோவரில் இயக்கிக் காட்டினார். 1967இல் மேற்கு ஜெர்மனியும் பிரிட்டனும் இம்முறையில் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கின. பிரான்சும் சோவியத் ஒன்றியமும் செகாமையே தேர்ந்தன. 1982இல் வண்ணத்துக்கு மாறிய இந்தியத் தொலைக்காட்சியும் புருக்கின் முறையையே ஏற்றது.

அவர் 1990 மே 5 அன்று ஹனோவரில் மறைந்தார். அவர் படைத்த முறை பால் என்றே வழங்குகிறது. தம் பெயரை ஏன் சூட்டவில்லை என்று வினவியவர்களுக்கு அவர் தந்த விளக்கம் சுவையானது. ஜெர்மன் மொழியில் புருக் என்றால் உடைவு. உடைவு முறைத் தொலைக்காட்சியை யார் விலைகொடுத்து வாங்குவார் என்பது அவர் கேள்வி.