தனித்தேர்வு எழுதிய பெண், டாக்டரான கதை

தம்பி, தங்கைகளே! ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையை விடியற்காலையில் பார்த்திருக்கிறீர்களா? இன்னும் இருட்டு விலகியிருக்காது. ஆனால், கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னலோரம் அக்காக்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கார், செல்போன் என்று எத்தனையோ பொருட்கள் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் அவர்கள்.

வீட்டுக் கஷ்டத்தால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அப்படி விட்டவர்களுக்குப் படிப்பு அதோடு முடிந்துவிட்டதா? இல்லை. பள்ளிக்கூடம் போகாமலேயே வீட்டில் படித்து, பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதலாம். அப்படி எழுதுபவரைத் 'தனித்தேர்வர்' என்கிறோம். பாஸ் செய்துவிட்டால், பள்ளியில் படித்துத் தேறியவருக்குச் சமம்தான். அதன் பிறகு மேலே படிக்கலாம், கல்லூரி வாசலையும் மிதிக்கலாம்.

இது ஏதோ இப்போது வந்த வசதி என்று நினைத்துவிடாதீர்கள். நூறு வருஷங்களுக்கும் முன்பே, இப்படித் தனியாகத் தேர்வு எழுதித்தான் ஒரு பெண் கல்லூரிக்குள் நுழைந்தார். யார் அவர்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி!

திண்ணைப் பள்ளியிலிருந்து...

1886-ம் வருஷம், ஜூலை 30-ம் தேதி. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அங்கேதான் முத்துலட்சுமி பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்தவர்.

சின்னப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அந்த நாளில் இருந்தது. அப்படி விடப்பட்டவர்களைத்தான் தேவதாசிகள் என்றார்கள். ஆட்டமும் பாட்டும் அவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால், கல்யாணம் செய்துகொண்டு எல்லோரையும்போலக் குடும்பம் நடத்த அவர்களுக்கு வழியில்லை. ஊரும் அவர்களை மதிக்கவில்லை. அந்தக் குலத்துப் பெண்ணை மணந்ததால் நாராயணசாமி ஐயரை அவருடைய சொந்தக்காரர்களே ஒதுக்கி வைத்தார்கள்.

முத்துலட்சுமியின் படிப்பு திண்ணைப் பள்ளியில் ஆரம்பித்தது. பெண் பிள்ளைக்கு நாலு எழுத்து தெரிந்தால் போதும், வண்ணான் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும் என்று பெரியவர்கள் எண்ணிய காலம் அது. ஆனால், முத்துலட்சுமி இங்கிலீஷும் கணக்கும் மளமளவென்று கற்றுக்கொண்டார். மகளின் ஆர்வத்தைப் பார்த்த அப்பாவும் ஊக்கம் கொடுத்தார்.

வீடே பள்ளிக்கூடம்

பெண் பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். முத்துலட்சுமியின் படிப்பும் அப்படித்தான் நின்றது. மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் கவலை. படிக்க வேண்டும் என்பது பெண்ணின் ஆசை.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது, அவ்வளவுதானே? பள்ளிக்கூடம் வீட்டுக்கு வரலாமே! ஆசிரியர் வீட்டுக்கே வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்பாவும் சொல்லிக் கொடுத்தார். தோழிகள் கிடையாது, விளையாட்டு மைதானம் கிடையாது. வீட்டுக்குள்ளேயே படிப்பு. இலக்கு ஒன்றே ஒன்றுதான்: மெட்ரிகுலேஷன் பரீட்சை.

மெட்ரிகுலேஷன் என்றால் இப்போது உங்களுக்கு ஒரு வகைப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும். அந்த நாளில் அது ஒரு பரீட்சையின் பெயர். லத்தீன் மொழியில் பெயர்ப் பதிவேட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கான பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமே அந்தப் பரீட்சையை நடத்தியது. அதில் தேறினால்தான் கல்லூரியில் இடம். தேறாவிட்டால், எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இதில் ஒரு நல்ல விஷயம் இருந்ததைக் கவனித்தீர்களா? பேப்பர் திருத்துகிறவருக்கு விடைத்தாள்தான் தெரியும். எழுதியவர் ஆணா பெண்ணா, பெஞ்சில் உட்கார்ந்து படித்தாரா, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தாரா என்பதெல்லாம் அதில் தெரியாது. பள்ளிக்கூடம் சாத்திய கதவைப் பரீட்சை திறந்துவிட்டது.

முத்துலட்சுமி தனியாகவே பரீட்சை எழுதினார், தேறினார். புதுக்கோட்டையில் ஒரு பெண் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டாள் என்பது ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

ராஜா போட்ட உத்தரவு

பாஸ் செய்தாகிவிட்டது. அடுத்தது கல்லூரிதானே? அங்கேதான் முட்டுக்கட்டை. புதுக்கோட்டையில் இருந்தது மகாராஜா கல்லூரி. அதில் படித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். முத்துலட்சுமி மனு போட்டதும் ஒரே கூச்சல். ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்றார்கள். அம்மாவின் குலத்தைச் சொல்லியும் குத்திக் காட்டினார்கள்.

யோசித்துப் பாருங்கள். கேட்ட பரீட்சையில் தேறியாகிவிட்டது. இனி யாரும் தகுதி இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் பிறப்பையும் பெண் என்பதையும் பிடித்துக்கொண்டார்கள்!

விஷயம் மன்னர் வரை போனது. அப்போது ஆண்டவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவர் தயங்கவில்லை. அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள உத்தரவு போட்டார். திரை போட்ட வண்டியில் முத்துலட்சுமி கல்லூரிக்குப் போனார். வகுப்பிலும் மற்ற மாணவர்கள் பார்க்காதபடி திரை. ஒரு வகுப்பு முழுக்கப் பையன்கள், திரைக்குப் பின்னால் ஒரே ஒரு பெண். நாமாக இருந்தால் இரண்டே நாளில் ஓடி வந்துவிடுவோம், இல்லையா? அவர் ஓடவில்லை. எஃப்.ஏ. எனப்படும் அடுத்த பரீட்சையையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

உலகத்தின் வேறு இடங்களில் மட்டும் வாழ்ந்ததா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்தின் பெயர்பெற்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்கள் பரீட்சை எழுதலாம், பாஸும் செய்யலாம். ஆனால், ஆண்களுக்குக் கொடுப்பது போன்ற முழுப் பட்டம் மட்டும் கிடையாது. 1948-ல்தான் அங்கே அது கிடைத்தது!

ஸ்டெதாஸ்கோப் பிடித்த கை

1907-ல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருக்கு முன்பே, 1875-ல், மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணியும் வேறு மூன்று பெண்களும் அந்தக் கல்லூரியில் சேர்ந்து படித்திருந்தார்கள். அவர்கள் போட்ட பாதையில் முத்துலட்சுமியும் நடந்தார். 1912-ல் எம்.பி., சி.எம். பட்டம் பெற்றார். பதக்கங்களும் வாங்கினார். எழும்பூரில் உள்ள அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் ஆனார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார் முத்துலட்சுமி. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. மாப்பிள்ளை சம்மதித்த பிறகுதான் கல்யாணம்!

சட்டசபையில் ஒரு குரல்

டாக்டராகி, நாலு காசு சம்பாதித்து, நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால், திரை போட்ட வண்டியை அவர் மறக்கவில்லை. சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். 1927-ல் அந்தச் சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிறுமிகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பதை எதிர்த்துப் பேசினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். எல்லாவற்றையும்விட, பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். எதிர்த்தவர்கள் பலர். அம்மாவின் குலத்தைச் சொல்லிக் காட்டிய அதே ஊர்ப் பேச்சு, இப்போது சபைக்கு உள்ளேயும் வெளியேயும் கேட்டது. அவர் அசரவில்லை. 1930-ல் காந்திஜியை ஆங்கிலேய அரசு கைது செய்தபோது, பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். தேவதாசி முறையை முழுதாகத் தடை செய்யும் சட்டம் 1947-ல் வந்தது. இருபது வருஷப் போராட்டம்!

கதவைத் தட்டிய பெண்கள்

தேவதாசி குலத்து இளம்பெண்கள் மூன்று பேர் ஒரு நாள் அடைக்கலம் தேடி முத்துலட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள எந்த விடுதியும் தயாராக இல்லை. தனக்கு நடந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்காதா? தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படி ஆரம்பித்ததுதான் அவ்வை இல்லம். ஆதரவில்லாத பெண் குழந்தைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுக்கும் அந்த இல்லம் சென்னை அடையாறு பகுதியில் வளர்ந்தது.

அவருடைய தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயால் இறந்துபோனார். ஒரு டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனை அவரைவிட்டுப் போகவில்லை. புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும் என்று பல வருஷம் அலைந்தார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள்.

1956-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1968, ஜூலை 22-ம் தேதி, 81 வயதில் அவர் காலமானார். அவர் பிறந்த ஜூலை 30-ம் தேதியைத் தமிழக அரசு மருத்துவமனை தினமாக அறிவித்திருக்கிறது.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான். உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

தம்பி, தங்கைகளே! உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படிப்பை விட்டுவிட்ட அக்காவோ அண்ணனோ இருக்கலாம். வேலைக்குப் போய்விட்டு வந்து, பழைய பாடப் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கவும் செய்யலாம். இனிமேல் என்ன படிப்பு என்று யாராவது கேலி செய்தால், புதுக்கோட்டைப் பெண்ணின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் கடன் கொடுத்தால், இன்னும் நல்லது!