ஊரைப் பாடமாக்கிய பேராசிரியர் ஸ்லேட்டர்

கல்வி நம்மை உயர்த்துகின்றது. அதனோடு, பிறந்த ஊரினின்று நம்மைப் பிரித்தும் விடுகின்றது. உரோமையும் ஏதென்சும் நூல்வாயிலாக அறிந்த நாம், நம் தெருக்கோடியில் வாழ்வோர் நாளொன்றுக்குப் பெறும் கூலி யாதென ஒருவர் வினவின் விடையின்றி நிற்கின்றோம். இக்குறையை நூறாண்டுகட்கு முன்னரே கண்டு, அதற்கு மருந்தும் தேடிய பேரறிஞர் டாக்டர் கில்பர்ட் ஸ்லேட்டர் ஆவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

ஸ்லேட்டர் 1864-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள பிளிமத் நகரிற் பிறந்தார், கேம்பிரிட்ஜிற் பயின்றார். 1905-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஒரு பகுதியாகிய ஊல்விச்சுக்கு நகரத் தலைவரானார். ஆங்கில நாட்டுச் சிற்றூர்களில் பொதுவாயிருந்த வயல்கள் வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையான வரலாற்றை ஆராய்ந்து, 1907-இல் நூலொன்று வெளியிட்டார். 1909 முதல், தொழிலாளர் கல்வி பெறுதற்கென ஆக்ஸ்போர்டில் நிறுவப்பெற்ற ரஸ்கின் கல்லூரியின் தலைவராய் விளங்கினார். நிலமிழந்த உழவரையும் கல்வி வேட்ட தொழிலாளரையும் நன்கறிந்த அப்பெரியார், 1915-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் இந்தியப் பொருளியற் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

சமூகவியல் என்னும் தனித்துறை அந்நாளிற் சென்னையில் இல்லை. பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் பாட்ரிக் கெடிஸ் தலைமையில் அத்துறை தோன்றியதும் 1919-இலேயாம். ஆயினும் அத்துறைக்கு உயிரெனத் தக்க பணியைச் ஸ்லேட்டர் 1916-லேயே தொடங்கிவிட்டார். மேனாட்டுப் பொருளியல் நூல்களை மனப்பாடஞ் செய்து தேர்வெழுதுதல் மட்டும் கல்வியாகாதென அவர் கருதினார். ஆகவே வினாக்கள் அடங்கிய தாளொன்றை மாணாக்கர் கையிற் கொடுத்துச் சிற்றூர்கட்கு அனுப்பினார். குடிகள் எத்துணையர், நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பனவற்றை அவர்கள் கேட்டெழுதி வந்தனர். அவ்வாராய்ச்சிகள் 1918-இல் நூலாக வெளிவந்தன.

அவற்றுள் வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி என்னும் ஐந்து ஊர்கள் பின்னாளில் அறிஞருலகிற் பெயர் பெற்றன. இவற்றுள் தூசி அன்றைய வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அரக்கோணத்தினின்று காஞ்சிக்குச் சென்று, பாலாற்றைக் கடப்பார் அதனை எளிதில் அடையலாம். நம் அயலூர் ஒன்று பல்கலைக் கழக நூலில் இடம்பெற்றமை நமக்கு உவகை தருவதாம்.

இதனால் மாணவர் பெற்ற பயன் யாது? தெரிந்த ஊரையே தெரியாத ஊர்போல் உற்று நோக்கும் பழக்கமே அது. நாள்தோறும் கண்ட படியாளைக் கடனாற் பிணிக்கப்பட்டவனாக அவர்கள் எண்ணிப் பார்த்திருத்தல் அரிது. கணக்கெடுக்குங்கால் அவன் பெற்ற நெல்லும் பட்ட கடனும் தாளில் ஏறின. ஊர்வழக்கம் என்று அதுகாறும் ஒதுக்கப்பட்டது வினாவாயிற்று.

அவ்வினாக்கள் அத்துடன் நின்றில. 1936-37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். 1980-களில் எஸ். குகன் முதலிய அறிஞரும், 2008-இல் வேறு சிலரும் இருவேல்பட்டுக்குச் சென்றனர். நிலக்கிழாரின் மேலாண்மை தளர்ந்ததும், கடனடிமை மறைந்ததும் இம்முயற்சிகளால் தெளிவாயின. மாணவர் எழுதிய முதற் கணக்கு இல்லையேல், இம்மாறுதலை அளப்பதற்கு அளவுகோல் ஏது?

1921-இல் ஸ்லேட்டர் பேராசிரியப் பதவியை விடுத்தார். இந்தியப் பண்பாட்டில் திராவிடரின் பங்கைப் பற்றி 1924-இல் ஒரு நூல் எழுதினார். திராவிட நாகரிகத்தை எகிப்து முதலிய தொன்னாடுகளோடு இயைத்து அவர் கூறிய கருத்துக்களை இன்று அறிஞர் பலர் ஏற்பதில்லை. பெரியாரின் ஊகம் தளர்ந்தது. இளையோரின் எண்ணிக்கையோ நிலைத்தது. இதுவும் நாம் கற்கத்தக்க பாடமே. 1938-இல் அவர் மறைந்தார்.

நம் வட்டாரத்திற்கும் ஒரு வினாத்தாள் வேண்டும். விடியற்காலை அரக்கோணத்தினின்று சென்னைக்குப் புகைவண்டியேறுவோர் எவ்வூரினர்? ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்டிரின் வருவாய் எவ்வாறு செலவாகின்றது? தோற்கழிவு கலந்த பாலாற்றங்கரையில் உழவர் இழந்தது எவ்வளவு? இவற்றை விடுமுறையில் நாமே கேட்டறிதல் கூடும்.

தன் அயலான் யாவன் என வேதபாரகன் ஒருவன் வினவ, நம் ஆண்டவர் நல்ல சமாரியன் கதையை விடையாக அருளினார். வழியில் வீழ்ந்து கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் விலகிச் சென்றனர். விலகாது நின்று நோக்கும் கண்ணை மாணவர்க்குத் தருவதே சமூகவியற் கல்வியின் தலையாய பயன் என்பது ஸ்லேட்டரின் வாழ்வால் நமக்கு விளங்குகின்றது. நோக்கியபின் செய்யவேண்டுவது நம் கடனாகும்.