ஒரு டின் மண்எண்ணெய்! தென் துருவ வீரர் அமுண்ட்சென் வாழ்க்கை

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்த் திரும்பினால் சுமார் 24 கிலோமீட்டர். தினமும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் பனிக்கட்டியின் மேல் சென்று, உலகிலேயே முதன்முதலாகத் தென் துருவத்தை அடைந்தவர் ரோல்டு அமுண்ட்சென்.

அவர் 1872-ம் ஆண்டு நார்வே நாட்டில் பிறந்தார். கப்பல் தொழில் செய்த குடும்பம். மகன் டாக்டர் ஆகவேண்டும் என்று தாயார் ஆசைப்பட்டார். தாயார் இறந்ததும் அமுண்ட்சென் படிப்பை விட்டார், கடலுக்குப் போனார்.

1903 முதல் 1906 வரை, 6 தோழர்களுடன் சிறிய கப்பலில் வட அமெரிக்காவின் வடக்கே உள்ள பனிக்கடலைக் கடந்தார். அங்கு வாழும் இன்யூட் மக்களிடம், மிருகத்தோல் உடை அணியவும் நாய் வண்டி ஓட்டவும் கற்றார்.

52 நாய்கள்

நாயின் அருமை ராஜபாளையம் மக்களுக்குத் தெரியும். அமுண்ட்செனுக்கும் தெரிந்திருந்தது. 1911 அக்டோபரில் 4 தோழர்கள், 52 நாய்களுடன் தென் துருவத்துக்குப் புறப்பட்டார். திரும்பியவை 11 நாய்கள்தான். பல நாய்களை வழியில் உணவுக்காகக் கொன்றார்கள். அது முன்பே போட்ட திட்டம்.

உயிர் காத்த ஈயம்

அங்கே எங்கு பார்த்தாலும் பனி. ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை! அடுப்பு மூட்டிப் பனியை உருக்கவேண்டும். அதற்கு மண்எண்ணெய் வேண்டும். எண்ணெய் போனால் உயிர் போகும்.

இதை அறிந்த அமுண்ட்சென், எண்ணெய் டின்களை ஈயத்தால் பற்றவைத்து மூடினார். டிசம்பர் 14-ந் தேதி துருவத்தை அடைந்தார். ஐவரும் உயிரோடு திரும்பினார்கள்.

34 நாள் கழித்து இங்கிலாந்தின் ஸ்காட் 4 தோழர்களுடன் அங்கு சேர்ந்தார். அவருடைய டின் மூடிகளில் இருந்தது தோல் வாஷர். கடுங்குளிரில் அது கெட்டது, எண்ணெய் குறைந்துபோனது. பசியும் குளிரும் சேர்ந்து வாட்டின. ஐவரும் திரும்பும் வழியில் மாண்டனர்.

பகைவனுக்கு உதவி

1928-ல் இத்தாலியின் நோபிலே சென்ற ஆகாயக் கப்பல் வட துருவப் பகுதியில் விழுந்தது. நோபிலே, அமுண்ட்செனுடன் சண்டையிட்டுப் பிரிந்தவர். ஆனாலும் அவரைத் தேடி அமுண்ட்சென் விமானத்தில் பறந்தார். நோபிலே பிழைத்தார். அமுண்ட்சென் திரும்பவே இல்லை. அவரது உடலும் கிடைக்கவில்லை.

இன்றும் அதே பாடம்

1989-ல் அண்டார்டிகா கடலில் ஓர் அர்ஜென்டினா கப்பல் பாறையில் மோதியது. சுமார் 6 லட்சம் லிட்டர் டீசல் கொட்டியது. கடற்பறவைகள் மடிந்தன. பனிக்கடலில் சிந்திய எண்ணெயை அள்ளுவது மிகக் கடினம். ஆகவே 2011 முதல், கெட்டியான கப்பல் எண்ணெயை அந்தக் கடலுக்குள் கொண்டுசெல்லவே தடை!

மைத்ரி, பாரதி என்று 2 ஆராய்ச்சி நிலையங்களை நம் நாடும் அங்கே நடத்துகிறது. அங்கு கொண்டுபோகும் ஒவ்வொரு பீப்பாய் எண்ணெய்க்கும் அமுண்ட்செனின் ஜாக்கிரதை தேவை.