சொந்தக் கதையைப் படமாக்கியவர்... உடைந்துபோன குடும்பம்! யார் இந்த ட்ரூஃபோ?

ஸ்கூலை கட் அடித்துவிட்டு தியேட்டரில் பதுங்கிய ஒரு பையன், பின்னாளில் உலக சினிமாவின் போக்கையே மாற்றினார். அவர்தான் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ட்ரூஃபோ. சொந்த வாழ்க்கையைத் திரையில் சொல்ல நினைப்பவர்களுக்கு இவர்தான் முன்னோடி. ஆனால், அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல!

டைப்ரைட்டர் திருடிய சிறுவன்

1932-ல் பாரிஸில், திருமணமாகாத தாய்க்குப் பிறந்தவர் ட்ரூஃபோ. இந்தக் குடும்பப் பெயரே வளர்ப்புத் தந்தை கொடுத்ததுதான். பாட்டி இறந்த பிறகே அம்மாவுடன் வாழ வந்தார். டீன் ஏஜில் ஃபிலிம் கிளப் நடத்திக் கடனாளியானவர், வளர்ப்புத் தந்தையின் ஆபீஸ் டைப்ரைட்டரைத் திருடினார். அந்தத் தந்தையே போலீஸில் ஒப்படைக்க, சிறார் சீர்திருத்த மையத்தில் அடைக்கப்பட்டார். அவரை மீட்டவர் சினிமா விமர்சகர் ஆந்த்ரே பசான்.

அன்று தடை... இன்று விருது!

பசானின் பத்திரிகையில் பிரெஞ்சு சினிமாவைக் கடுமையாக விமர்சித்தார் ட்ரூஃபோ. 1958-ல் கேன்ஸ் விழா அவருக்கு அனுமதி மறுத்தது. அடுத்த ஆண்டே முதல் முழுநீளப் படமான 'தி 400 ப்ளோஸ்' மூலம் அங்கே சிறந்த இயக்குநர் விருதைத் தட்டினார். அதைப் பார்க்க பசான் இல்லை. படப்பிடிப்பு தொடங்கிய நேரத்தில் அவர் இறந்துவிட, படம் அவருக்கே காணிக்கை ஆனது.

ஹீரோ சிறுவன் ஆந்த்வானும் டைப்ரைட்டர் திருடுகிறான், அப்பாவால் போலீஸில் ஒப்படைக்கப்படுகிறான். மனநல நிபுணர் விசாரிக்கும் காட்சியில் ட்ரூஃபோவே கேமராவுக்குப் பின்னால் இருந்து கேள்வி கேட்டார். சிறுவன் ழான்-பியர் லியோ சொந்தமாகப் பதில் சொன்னான். அந்த இயல்புதான் படத்தின் உயிர்.

வீட்டில் என்னாச்சு?

ஊரே கொண்டாடியது. பெற்றோர் மட்டும் உடைந்துபோனார்கள். படத்தில் அம்மா, வேறொரு ஆணை முத்தமிடுவதை மகன் பார்த்துவிடுகிறான். அது நம்மைப் பற்றியதா என்று யாருக்குத்தான் வலிக்காது? நடந்ததை அப்படியே எடுக்கவில்லை என்று ட்ரூஃபோ விளக்கியும் உறவு சீராகவில்லை. சம்பவங்களை மாற்றலாம், ஆனால் வலியை மாற்ற முடியாதே!

தேடிய அப்பா

ஆந்த்வானின் கதையை லியோவை வைத்தே 20 ஆண்டுகளில் ஐந்து படங்களாகத் தொடர்ந்தார். 1968-ல் வந்த 'ஸ்டோலன் கிஸ்ஸஸ்' படத்தில் ஆந்த்வான் துப்பறிவாளர். அதே காலத்தில், நிஜத்திலும் துப்பறிவாளரை வைத்துத் தன்னைப் பெற்ற அப்பாவைத் தேடினார் ட்ரூஃபோ. அவர் ஒரு யூத பல் மருத்துவர் எனத் தெரிந்தது. ஆனால், நான்தான் உங்கள் மகன் என்று அவரிடம் சொல்லவே இல்லை.

1984-ல் மூளைக் கட்டியால் இறந்தபோது ட்ரூஃபோவுக்கு வயது 52. ஊருக்கே தன் கதையைச் சொன்னவர், பெற்ற அப்பாவிடம் மட்டும் மௌனமாகவே இருந்துவிட்டார்.