கிளைவ் கட்டிய மாளிகை

திருச்சி தெப்பக்குளத்தைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? அதன் அருகே பழைய கட்டடம் ஒன்று உண்டு. கிளைவ் வீடு என்று அதற்குப் பெயர். ராபர்ட் கிளைவ் அங்கே தங்கியிருந்ததாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் அது தூய வளனார் கல்லூரி மாணவர்களின் விடுதியாயிற்று.

கிளைவ் என்றதும் பாடப் புத்தகத்தில் வரும் ஆற்காட்டு முற்றுகையும் பிளாசிப் போரும் உங்களுக்கு நினைவு வரும். அவர் வீடு கட்டிய கதை பாடப் புத்தகத்தில் கிடையாது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷையர் என்ற மாவட்டத்தில், ஸ்டைச் என்ற பண்ணை வீட்டில் 1725ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று ராபர்ட் பிறந்தான். நிலமும் வீடும் பரம்பரைச் சொத்துதான். ஆனால் வருமானம் குறைவு, கடன் அதிகம். தந்தை வழக்கறிஞர். ராபர்ட்தான் மூத்த பிள்ளை. படிப்பில் கவனம் இல்லாத முரட்டுப் பிள்ளை. பக்கத்து ஊர் மார்க்கெட் டிரேட்டனில் உயரமான மாதா கோயில் கோபுரம் ஒன்று இருந்தது. நம் கோயில் கோமுகியைப் போல அதன் உச்சியில் மழைநீர் வடியும் கல் முகங்கள் உண்டு. ஒரு நாள் அதில் ஒன்றின் மேல் ஏறி அவன் உட்கார்ந்துகொண்டானாம். கீழே நின்ற ஊர் மக்கள் நடுங்கிப் போனார்களாம்!

இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்கு அனுப்பிவிட்டார் தந்தை. 1743இல் கப்பல் ஏறியவன், வழியில் பிரேசில் நாட்டில் பல மாதம் தங்க நேர்ந்து, 1744இல்தான் சென்னை வந்து சேர்ந்தான். ஆண்டுச் சம்பளம் 5 பவுன். கணக்கு எழுதுவதும் துணி மூட்டை எண்ணுவதும் வேலை. அவனுக்கு அது பிடிக்கவே இல்லை.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கிளைவ் மாறுவேடத்தில் தப்பி, கடலூரில் இருந்த புனித டேவிட் கோட்டைக்கு ஓடினார். அங்கே பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார்.

இப்போது நம்மூருக்கு வருவோம். 1751இல் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டி. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருந்தார். சந்தா சாகிபும் அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையும் கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். திருச்சியைக் காப்பாற்றத் திருச்சிக்குப் போக வேண்டாம், சந்தா சாகிபின் தலைநகரான ஆற்காட்டைப் பிடித்தால் போதும், அவர் படையில் பாதி அங்கே ஓடும் என்று கிளைவ் திட்டம் சொன்னார். 200 ஆங்கிலேயரும் 300 இந்தியச் சிப்பாய்களும்தான் அவரிடம் இருந்தார்கள். ஆற்காடு எளிதாகக் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொள்வதுதான் கடினம். 50 நாள் முற்றுகையைத் தாங்கினார்கள். சிப்பாய்கள் சோற்றை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித் தண்ணீர் குடித்ததாக ஒரு கதை உண்டு. கிளைவின் பெயர் உலகெங்கும் தெரிந்தது. அந்தச் சிப்பாய்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

அடுத்த ஆண்டு, 1752இல், கிளைவ் சமயபுரத்தில் முகாமிட்டிருந்தார். ஓர் இரவு பிரெஞ்சுப் படை ஒன்று ஓசைப்படாமல் வந்தது. ஆங்கிலப் படையிலிருந்து ஓடிப்போன சிலரும் அதில் இருந்தார்கள். காவற்காரர்கள் யார் என்று கேட்டபோது அவர்கள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்ல, நம் ஆட்கள்தான் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டார்கள்! கிளைவ் தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் குண்டு பாய்ந்தது. காலடியில் இருந்த பெட்டி சிதறியது. அருகில் படுத்திருந்த வேலையாள் இறந்து போனார். கிளைவ் பிழைத்தார். சில வாரங்களில், ஸ்ரீரங்கம் தீவில் ஒதுங்கியிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

பொன்மலையில் நடந்த சண்டையிலும் கிளைவ் இருந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. அந்தச் சண்டை 1753 ஜூனில் நடந்தது. ஆங்கிலப் படையை நடத்தியவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். கிளைவ் அதற்கு முன்பே, அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னைக் கோட்டையில் உள்ள புனித மேரி ஆலயத்தில் மார்கரெட் என்ற பெண்ணை மணந்து, ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

ஊர் போனதும் அவர் செய்த நல்ல காரியம், தந்தையின் கடனை அடைத்து ஸ்டைச் சொத்தை மீட்டதுதான். பிள்ளையாகச் செய்ய வேண்டியதைச் செய்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையும் இங்கேயே முடிந்திருக்கும்.

மீண்டும் இந்தியா வந்தார். 1757 ஜூன் 23இல் பிளாசியில் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவை வென்றார். போரைவிடச் சூழ்ச்சிதான் அங்கே அதிகம். நவாபின் தளபதி மீர் ஜாபரை முன்பே தம் பக்கம் இழுத்துவிட்டார். புதிய நவாபான மீர் ஜாபர் அவருக்குக் கொடுத்தது 2,34,000 பவுன்! அதோடு ஆண்டுக்கு 27,000 பவுன் வருமானம் வரும் ஜாகீர். ஐந்து பவுன் குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். இப்படி இந்தியாவிலிருந்து பணத்தோடு திரும்பியவர்களை இங்கிலாந்து மக்கள் கேலியாக 'நாபாப்' என்றார்கள். நம் நவாப் என்ற சொல்தான் அங்கே போய் அப்படியாயிற்று.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் எவ்வளவு பணம் இருந்தாலும், கிராமத்தில் நிலமும் நடுவே ஒரு மாளிகையும் இருந்தால்தான் பெரிய மனிதர். நிலம் இருந்தால் பாராளுமன்றத்திலும் செல்வாக்கு. கிளைவ் ஸ்டைச் வீட்டைப் புதிதாகக் கட்டினார். வால்காட் என்ற மாளிகையை வாங்கிப் புதுப்பித்தார். லண்டனில் பெர்க்லி சதுக்கத்தில் ஒரு வீடு. இத்தனையும் போதவில்லை. 1769இல் லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் கிளேர்மான்ட் என்ற எஸ்டேட்டை வாங்கினார்.

அங்கே ஏற்கெனவே ஒரு மாளிகை இருந்தது. வான்பரோ என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கட்டியது. பின்பு கிளேர் பிரபு என்பவர் வாங்கி, மேட்டு நிலத்துக்குத் தம் பெயரை வைத்ததால் கிளேர்மான்ட் ஆயிற்று. கிளைவ் அந்த வீட்டை இடிக்கச் சொன்னார். தாழ்வான, ஈரமான இடத்தில் அது இருந்ததே காரணம். புதிய வீடு மேட்டின் மேல் எழுந்தது. கட்டியவர்கள் லான்சலாட் பிரவுனும் ஹென்றி ஹாலண்டும். பிரவுனுக்கு 'கேபபிலிட்டி' பிரவுன் என்று பட்டப் பெயர். கேபபிலிட்டி என்றால் திறன். எந்தத் தோட்டத்தைக் காட்டினாலும், இதை இன்னும் அழகாக்கும் திறன் இந்த மண்ணுக்கு இருக்கிறது என்பாராம்! தோட்டம் கச்சிதமாக அமைய வேண்டும் என்பதற்காக, போர்ட்ஸ்மவுத் செல்லும் நெடுஞ்சாலையையே அவர் திருப்பிவிட்டார்.

வீடு வெளிர் நிறச் செங்கல்லால் ஆனது. முன்புறம் அகலமான படிக்கட்டு. ஏறினால் கிரேக்கக் கோயில் போல உயர்ந்த தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகப்பு. அதில் கிளைவின் குலச் சின்னம். உள்ளே தூண்கள் முட்டை வடிவில் சூழ நிற்கும் கூடம். சமையலறை போன்றவை எல்லாம் அடித்தளத்தில். அங்கேயே தரைக்குள் இறக்கிக் கட்டிய குளியல் தொட்டியும் உண்டு. ஒரு லட்சம் பவுனுக்கு மேல் செலவு என்பார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்தார் வேறு ஒன்று பேசிக்கொண்டார்களாம். சாத்தான் உள்ளே வந்து தம்மைத் தூக்கிப் போய்விடக் கூடாது என்றுதான் கிளைவ் சுவரை இவ்வளவு தடிமனாகக் கட்டுகிறார் என்று!

கட்டட வேலை தொடங்கிய ஆண்டை மறக்காதீர்கள். 1769. அதே ஆண்டில் வங்காளத்தில் மழை பொய்த்தது. 1770இல் கொடிய பஞ்சம். மூன்றில் ஒரு பங்கு மக்கள், அதாவது ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இறந்தார்கள் என்று அன்றைய மதிப்பீடு. கிளைவ் அப்போது இந்தியாவில் இல்லை. மழை பொய்த்ததற்கு அவர் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையை 1765இல் முகலாயப் பேரரசரிடமிருந்து கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். மக்கள் செத்து விழுந்தபோதும் கம்பெனி வரியைக் கறாராக வசூலித்தது. சர்ரே மாவட்டத்தில் செங்கல் அடுக்கிய அதே மாதங்களில் இது நடந்தது.

பஞ்சச் செய்தி இங்கிலாந்துக்கும் போயிற்று. பாராளுமன்றம் கிளைவை விசாரித்தது. 1773இல் முடிவு வந்தது. அவ்வளவு பணம் பெற்றது உண்மை, ஆனால் நாட்டுக்குப் பெரிய சேவையும் செய்திருக்கிறார் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். ஆனால் தீராத வயிற்று வலியும் மனச்சோர்வும் அவரை விடவில்லை. 1774 நவம்பர் 22 அன்று லண்டன் வீட்டில் இறந்தார். வயது 49. கிளேர்மான்ட்டில் குடியிருந்து வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிறந்த ஊர்ப் பக்கம் மோர்ட்டன் சே என்ற சிற்றூர் ஆலயத்தில் புதைத்தார்கள். புதைத்த இடத்தில் அடையாளம் எதுவும் வைக்கவில்லை.

மாளிகை கைமாறியது. 1816இல் இளவரசி சார்லட்டும் அவள் கணவர் லியோபோல்டும் குடிவந்தார்கள். அடுத்த ஆண்டே இளவரசி அங்கு இறந்தாள். பின்னர், 1848இல் நாட்டை விட்டு ஓடிவந்த பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் அங்கே தங்கினார். இரண்டே ஆண்டில் அவரும் அங்கேயே காலமானார். திருச்சியில் பிரெஞ்சுக்காரரை வென்றவரின் வீட்டில் ஒரு பிரெஞ்சு மன்னர் அகதி!

1931 முதல் அந்த மாளிகை பள்ளிக்கூடமாக இருக்கிறது. கிளைவ் ஏறிப் பார்க்க ஆசைப்பட்ட அந்தப் படிக்கட்டில், இப்போது உங்கள் வயதுப் பிள்ளைகள் புத்தகப் பையோடு ஏறுகிறார்கள்.