தீக்குச்சிகளை ஆடவைத்தவர்

தொலைக்காட்சியில் பூனை எலியைத் துரத்துகிறது, எலி தப்புகிறது, பார்க்கும் குழந்தைகள் சிரிக்கின்றனர். உண்மையில் அங்கே எதுவும் ஓடுவதில்லை. அசையாத படங்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருவதால் நம் கண் அவற்றை ஓட்டமாகக் காண்கிறது. இந்த வித்தையை நம் நாட்டில் தொடக்க காலத்திலேயே கையாண்டவர் தாதாசாகேப் பால்கே.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே என்பது இவரது இயற்பெயர். 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், நாசிக்கை அடுத்த திரிம்பகேசுவரத்தில் பிறந்தார். மும்பையிலும் பரோடாவிலும் ஓவியமும் ஒளிப்படக் கலையும் பயின்றார். கோத்ராவில் ஒளிப்பட நிலையம் நடத்தியபோது பரவிய கொள்ளைநோய், மனைவியையும் குழந்தையையும் கவர்ந்து சென்றது. பின்னர் ஓவியர் இரவிவர்மாவின் படங்களை அச்சிடும் அச்சகத்தில் பணியாற்றினார்.

மும்பையில் ஒருநாள், ஏசுநாதரின் வரலாற்றைக் கூறும் திரைப்படத்தைக் கண்டார். நம் புராணக் கதைகளும் இவ்வாறு திரையில் நடமாட வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. ஓய்வின்றிப் படங்களைப் பார்த்து ஆராய்ந்ததில் கண்பார்வை சிலகாலம் மங்கிப்போயிற்று. மருத்துவத்தால் அது மீண்டது. ஆயுள் காப்பீட்டை அடகுவைத்து, 1912இல் இலண்டன் சென்று படப்பிடிப்புக் கருவி வாங்கிவந்தார்.

கடன் கொடுப்போர்க்கு நம்பிக்கை வரவேண்டுமே! பால்கே ஒரு பட்டாணி விதையை ஊன்றினார். அது முளைத்துக் கொடியாகும் வரை ஒரு மாதத்திற்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் படம்பிடித்தார். திரையில் அச்செடி கண்ணெதிரே வளர்வதைக் கண்டோர் வியந்தனர், பணம் கிடைத்தது. இரண்டாம் மனைவி சரசுவதிபாய் தம் நகைகளையும் ஈந்து, படச்சுருளுக்குத் துளையிடும் பணியையும் ஏற்றார். 1913ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ‘இராஜா அரிச்சந்திரா’ மும்பையில் வெளியாயிற்று. அதன் முதற்காட்சியில் அரசனும் அரசியும் மகனும் நிற்கும் நிலை, இரவிவர்மாவின் ஓவியம் ஒன்றையே ஒத்திருக்கும். ஓவியத்தை அறிந்தவர்க்கே அந்தக் குறிப்பு புலப்படும்.

முதல் உலகப் போர் மூண்டது. அயல்நாட்டுப் படச்சுருள் அரிதாயிற்று, பணமும் சுருங்கியது. பால்கே சோர்ந்து அமரவில்லை. 1915இல் தீக்குச்சிகளை எடுத்தார். ஒரு குச்சியை வைத்து ஒரு படம். அதைச் சற்றே நகர்த்தி மற்றொரு படம். ஒரு நொடி ஆட்டத்திற்கு ஏறத்தாழ 16 படங்கள். இவ்வாறு உயிரற்ற குச்சிகள் திரையில் விளையாடின. பிரான்சு நாட்டின் எமில் கோல் என்பவர் 1908இலேயே தீக்குச்சிகளை இவ்வாறு அசையச் செய்திருந்தார். ஒரு நாட்டில் எரிந்த சுடரை மற்றொரு நாட்டில் ஏற்றி வைத்தவர் பால்கே.

மற்றொரு குறும்படத்தில் பால்கேயே மந்திரவாதியாகத் தோன்றினார். அம்மந்திரவாதியின் பெயர் பேராசிரியர் கேல்பா. இப்பெயரைப் பின்னிருந்து படித்தால் பால்கே! தம் பெயரையே தலைகீழாக்கி ஒளித்துவைத்த குறும்பு அது.

நந்திதுர்க் சுரங்கத்தின் பாறையில் பொன் கலந்திருந்ததைப் பழகிய கண்களே கண்டறிந்தன. கேலிச்சித்திரப் படங்களும் அத்தகையனவே. வேடிக்கையாய்த் தோன்றும் காட்சிக்குள் ஒரு பழங்கதையோ, ஓவியமோ, கலைஞனின் பெயரோ மறைந்திருக்கும். மிகுதியாகக் கற்றவன் மிகுதியாகக் காண்பான்.

பேசும் படங்கள் வந்தபின் பால்கேயின் செல்வாக்குக் குறைந்தது. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் நாசிக்கில் மறைந்தார். இன்று நடுவண் அரசு திரைத்துறையின் உயரிய விருதை அவர் பெயரால் வழங்குகிறது. சிவாஜி கணேசன், பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோர் அதைப் பெற்றுள்ளனர். தீக்குச்சிப் படத்தின் சுருள் இன்று நம்மிடம் இல்லை. குச்சியை அசையவைக்கும் வழி மட்டும் எஞ்சியுள்ளது. பயிற்சியேட்டின் ஓரத்தில் பக்கத்திற்கு ஒன்றாகப் படம் வரைந்து, விரலால் விரைந்து புரட்டும் குழந்தையின் கையில் அது மீண்டும் உயிர்பெறும்.