முயலைக் கையில் ஏந்திய சிறுவன்



முயல் படம் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிப் புத்தகத்தில் ஆமையோடு பந்தயம் ஓடிய முயல்தான் நினைவுக்கு வரும். பாடத்தின் நடுவே கறுப்பு மையில் அச்சான சின்னப் படம். அப்படி எழுத்தோடு சேர்த்து அச்சிடும் படத்தை மரத்தில் செதுக்கி, அதில் உயிர் துடிக்கச் செய்தவர் தாமஸ் பியூவிக் என்ற இங்கிலாந்துக்காரர். அவருடைய கதையை இந்த மடலில் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பியூவிக் 1753 ஆகஸ்டில் பிறந்தார். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில், டைன் ஆற்றின் தென்கரையை ஒட்டிய செர்ரிபர்ன் பண்ணைவீடுதான் பிறந்த இடம். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். அப்பா குத்தகை விவசாயி. சிறிய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றையும் நடத்தினார். பையனுக்குப் படிப்பை விடப் படத்தில்தான் மனம். சிலேட்டில் வரைவான், புத்தக ஓரங்களில் வரைவான். இடம் தீர்ந்துவிட்டால் அக்கரையில் ஓவிங்ஹம் தேவாலயத்துக்குப் போய், கல்லறைக் கற்களிலும் வாசல் தரையிலும் சாக்பீஸால் வரைவான்.

அந்த வட்டாரத்தில் வேட்டை என்றால் ஊரே ஓடும். சிறுவன் பியூவிக்கும் ஓடுவான். ஒருநாள் நாய்கள் விரட்டி வந்த முயலொன்று அவன் கையில் சிக்கியது. சுற்றிலும் நாய்கள், வேட்டைக்காரர்கள். முயல் ஒரு குழந்தையைப் போலக் கதறியது. எப்படியாவது இதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அவன் தவித்தான். பக்கத்தில் நின்றவர் தெரிந்த விவசாயி. பெரியவர் ஆயிற்றே, நம்மை விட நன்றாகக் காப்பாற்றுவார் என்று நம்பி அவர் கையில் கொடுத்தான். வாங்கிய மறு நிமிடம் அந்த மனிதர், முயலின் ஒரு காலை ஒடித்து மறுபடியும் நாய்களுக்கு முன்னால் விட்டு இன்னும் கொஞ்சம் வேடிக்கை பார்க்கலாம் என்று மற்றவர்களை அழைத்தார். பியூவிக் அங்கே நிற்க முடியாமல் விலகிப் போய்விட்டான். முயல் எப்படியோ தப்பித்துவிட்டது என்று பிறகு தெரிந்தபோதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

நண்பர்களே, இது ஒரு சிறுவனின் சின்ன அனுபவம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் பியூவிக் இதை அறுபது வயதைக் கடந்த பிறகும் மறக்கவில்லை. 1822இல் மகள் ஜேனுக்காகத் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கியபோது இதையும் எழுதி வைத்தார்.

14 வயதில் அவரை நியூகாசில் நகரில் ரால்ஃப் பெயில்பி என்ற செதுக்குக் கலைஞரிடம் ஏழு ஆண்டுப் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். வெள்ளிப் பாத்திரத்தில் எழுத்து, முத்திரை, செம்புத் தகடு என்று எல்லா வேலையும் வரும் பட்டறை. மர வேலை வந்தால் அது பியூவிக் தலையில் விழும். அதுவே அவர் வழியாகிவிட்டது.

அவர் செய்தது என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன். பழைய மரச் செதுக்குப் படங்களை, பலகையின் நீளவாக்குப் பரப்பில் கத்தியால் செதுக்குவார்கள். கோடுகள் தடிமனாக வரும். பியூவிக் பாக்ஸ் என்னும் மிகக் கெட்டியான மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டு முகத்தில், செம்புத் தகட்டுக்குப் பயன்படும் கூர்மையான உளியால் செதுக்கினார். உளி பட்ட இடம் வெள்ளை, படாத இடம் கறுப்பு. கறுப்பிலிருந்து வெள்ளைக் கோடுகளாக வெளிச்சத்தை வரவழைப்பதுதான் அவர் வித்தை. முயலின் மென்மையான ரோமத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஏது?

இன்னொரு லாபமும் உண்டு. செம்புத் தகட்டுப் படத்தைத் தனி இயந்திரத்தில் அச்சிட வேண்டும். மரக்கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்து முடுக்கி ஒரே அழுத்தில் அச்சிடலாம், செலவு மிச்சம். கட்டை தேயவும் தேயாது. ஒரு செய்தித்தாளுக்குத் தான் செதுக்கிய கட்டை 9 லட்சம் தடவைக்கு மேல் அச்சானதாகப் பியூவிக் கணக்குச் சொல்கிறார். வணிகவியல் படித்தவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

இளம் வயதிலேயே லண்டனில் உள்ள கலைச் சங்கம் அவருக்கு 7 கினி பரிசு தந்தது. அந்தப் பணத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்தார். லண்டனுக்குப் போய்ப் பார்த்தார். பிடிக்கவில்லை, ஓராண்டுக்குள் திரும்பிவிட்டார். பிறகு பெயில்பியுடன் பங்குதாரர் ஆனார்.

1785இல் நாலுகால் விலங்குகளைப் பற்றிய ஒரு பெரிய புத்தகத்துக்கு முதல் கட்டையைச் செதுக்கத் தொடங்கினார். நவம்பர் 15. அவருடைய அப்பா இறந்ததும் அதே நாளில்தான். அம்மாவும் அதே ஆண்டில் போய்விட்டார். பகலில் பட்டறை வேலை. இரவில் இந்தப் புத்தகம். 1790இல் வெளிவந்து விற்றுத் தீர்ந்தது; 1791, 1792 என்று அடுத்தடுத்துப் பதிப்புகள். சிங்கம், யானை போன்றவற்றைவிடத் தன் ஊர் விலங்குகளை வரைந்ததில்தான் அவர் கை பேசுகிறது. முயலுக்கும் அதில் தனி இடம் உண்டு. சமையலறையில் தொங்கும் செத்த முயலாக அல்ல, தன் நிலத்தில், தன் புல்லில், தன் பாட்டுக்கு வாழும் பிராணியாக.

அதற்குப் பிறகு வந்த பறவைகள் நூல் (1797, 1804) அவருக்கு இன்னும் பெரிய புகழைத் தந்தது. சிறுவயதில் கல்லெறிந்து ஒரு புல்ஃபின்ச் குருவியை வீழ்த்தினார். அதைக் கையில் எடுத்தபோது அது அவர் முகத்தையே பார்த்தது. அதுவே தான் கொன்ற கடைசிப் பறவை என்கிறார். ஆனால் படம் வரைவதற்காகப் பிறர் எத்தனையோ பறவைகளைச் சுட்டுக் கொண்டுவந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். இந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

வேட்டைச் சட்டங்களையும் அவர் வெறுத்தார். அக்காலத்தில் ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் போன்ற தகுதி இருந்தால்தான் முயல் பிடிக்க உரிமை. பசிக்குப் பிடித்த ஏழைக்குத் தண்டனை, வேடிக்கைக்கு விரட்டிய பணக்காரனுக்குப் பெருமை என்ற நிலை அவருக்கு அநியாயமாகப் பட்டது.

1818இல் ஈசாப் கதைகளை வெளியிட்டார். நம் ஆமையும் முயலும் அதிலும் உண்டு. அந்தப் புத்தகத்துக்கான ரசீதில் தன் பெருவிரல் ரேகையையே செதுக்கி அச்சிட்டார், போலி வராமல் இருக்க! வங்கியில் பலருடைய கைநாட்டை வாங்கிய எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வந்தன.

கடைசியாக அவர் கையில் எடுத்தது, உழைத்து ஓய்ந்து, கைவிடப்பட்டு, மழையில் சாவுக்காக நிற்கும் ஒரு கிழட்டுக் குதிரையின் படம். அது முழுதாக முடியும் முன்பே 1828 நவம்பர் 8 அன்று காலமானார். சிறுவனாகச் சாக்பீஸால் கிறுக்கிய அதே ஓவிங்ஹம் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த முயலைக் காப்பாற்றும் பலம் அன்று அவருக்கு இல்லை. ஆனால் அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு மறந்துபோகும் மனமும் அவருக்கு இல்லை. வாயில்லா ஜீவன்களை மற்றவர்கள் நின்று பார்க்கும்படி வாழ்நாள் முழுக்கச் செதுக்கினார். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கைபேசியில் பியூவிக்கின் முயலைத் தேடிப் பாருங்கள். படம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான். பெரிதாக்கி, ரோமத்தின் வெள்ளைக் கோடுகளைப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிப்பதற்குள் அந்த முயல் அவர்களுக்குச் சொந்தமாகிவிடும்.